பாவித்த ஃபோனுக்குள் யாருடைய மென்பொருள்?

சம்பளம் கைக்கு வந்த வாரத்தில் பதுளை டவுனின் ஃபோன் கடைகளுக்குப் பசறை, ஹாலிஎல, தெமோதரைத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். பலரின் கண் முதலில் போவது பாவித்த ஃபோன்கள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிக்குத்தான். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 27,000 ரூபா ஃபோன் என்றால் இருபது நாள் உழைப்பு. வாங்குகிறவர் திரையில் கீறல் பார்ப்பார், கெமராவைத் தட்டிப் பார்ப்பார், பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்பார். "ஒரிஜினல்தான் அக்கா" என்ற பதிலோடு வியாபாரம் முடிந்துவிடும். உள்ளே ஓடும் ஃபேர்ம்வெயார், அதாவது ஃபோனை இயக்கும் அடிப்படை மென்பொருள், எது என்று யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும், பற்றுச்சீட்டிலும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஃபேர்ம்வெயார் ஒரே துண்டல்ல. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது பூட்லோடர். சிக்னலைக் கவனிப்பது பேஸ்பேண்ட். கெர்னலும் அண்ட்ரொய்டும் அதற்குப் பிறகு. சாம்சங் ஃபோன்களில் எந்த நாட்டுக்கான அமைப்பு என்பதற்கே சீ.எஸ்.சி. என்று தனிப் பகுதி உண்டு. குவைத்தில் வேலை செய்த அக்கா கொண்டுவந்த ஃபோனில் 4ஜி டேட்டா ஓடுகிறது, 4ஜி அழைப்பு மட்டும் எடுபடவில்லை என்றால், மலைக்கு மேலிருக்கும் டவரைத் திட்டுமுன் இந்தப் பகுதியைப் பார்ப்பது நல்லது.

செட்டிங்ஸில் பார்த்தால் போதாதா? போலி ஃபோன்களில் அந்தப் பக்கத்தையே மாற்றி எழுதிவிடுகிறார்கள். கேபிளால் மடிக்கணினியோடு இணைத்து, கூகுள் இலவசமாகத் தரும் ஏ.டி.பி. கருவியால் விசாரித்தால் கறுப்புத் திரையில் வரி வரியாக விடை வரும். செட்டிங்ஸ் அண்ட்ரொய்ட் 13 என்கிறது, கெர்னலோ 3.18 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அண்ட்ரொய்டின் கெர்னல் லினக்ஸ்தான்; அதன் 3.18 பதிப்பு வந்தது 2014 டிசம்பரில். அண்ட்ரொய்ட் 13 வந்தது 2022இல். இடையில் யாரோ கைவைத்திருக்கிறார். இன்னொரு வரி பூட்லோடர் பூட்டின் நிலையை நிறத்தால் சொல்லும்: பச்சை என்றால் பூட்லோடர் பூட்டியபடி, கம்பனி மென்பொருளோடு இருக்கிறது, செம்மஞ்சள் என்றால் திறந்து கிடக்கிறது. இதையும் பொய்யாகக் காட்டவைக்கும் கெட்டிக்காரர்கள் உண்டு. அதனால் ஃபாஸ்ட்பூட் வசதியுள்ள ஃபோன்களில் அந்த முறையில் பூட்லோடரிடமே நேரடியாகக் கேட்டுவிடுவது உத்தமம்.

பச்சை வந்தாலும் முழு நிம்மதி இல்லை. 2016 நவம்பரில், அமெரிக்காவில் விற்கப்பட்ட புளூ ஆர்1 எச்.டி. என்ற மலிவு ஃபோனை ஆராய்ந்த முடிவைக் கிரிப்டோவயர் நிறுவனம் வெளியிட்டது. அடப்ஸ் என்ற சீன நிறுவனத்தின் மென்பொருள், குறுஞ்செய்திகளையும் அழைப்பு விபரங்களையும் 72 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சீனாவிலுள்ள சேர்வர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. யாரும் வெளியிலிருந்து ஏற்றியதல்ல. பெட்டியைப் பிரிக்கும்போதே உள்ளே இருந்தது. வங்கியின் ஓ.டி.பி.யும் குறுஞ்செய்தியாகத்தானே வருகிறது! அதற்காகச் சோதிப்பது வீணல்ல: உள்ளே இருக்கும் பகுதியின் பெயரும் பதிப்பும் தெரிந்தால்தான் இப்படியொரு செய்தி வரும்போது அது தன் ஃபோனையும் பற்றியதா என்று ஒருவருக்குப் புரியும்.

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, ஃபோனை அடையாளம் காட்டும் ஐ.எம்.இ.ஐ. இலக்கத்தோடு நின்றுவிடுகிறது. *#06# அழுத்தி வரும் 15 இலக்கங்களை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சரிபார்க்கச் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த இலக்கத்தைப் பிரதி பண்ணலாம். உள்ளிருக்கும் மென்பொருளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய ஃபோன்களுக்கு, விற்பனை நிறுத்தப்பட்ட பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு அப்டேட் தரச் சொல்கிறது. இங்கே பாவித்த ஃபோனுக்குக் கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் திகதியையாவது எழுதிக் கொடுக்கச் சொல்லலாமே.

பழுதுபார்க்கும் தம்பிமாரைக் குறைசொல்வதில் நியாயமில்லை. "சொஃப்ட்வெயார் அடிச்சா சரியாயிரும்" என்று அவர்கள் ஏற்றும் கோப்பு எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். திரையில் வரும் ஆங்கில வரிகளும் லேசில் விளங்காதவை. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது, கணினி விஞ்ஞானமும் அங்கே படிப்பிக்கிறார்கள். கேபிளைச் செருகியதும் பூட்லோடர் நிலை, பேஸ்பேண்ட் பதிப்பு, கெர்னல், பாதுகாப்பு அப்டேட் திகதி நான்கையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்துத் தரும் சிறிய செயலி ஒன்று அந்த மாணவர்களுக்கு ஒரு தவணை வேலைதான்.