பழைய பிக்கப்பும் எமது பழைய பழக்கமும்

பொருளாதாரத் தடை இருந்த 1990களில் வடபகுதியில் வாகனங்கள் எப்படி ஓடின என்பதை இன்றைய இளைஞர்களிடம் சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள். பெற்றோல் கிடையாது, பற்றறி கிடையாது, உதிரிப்பாகம் கிடையாது. ஆயினும் மொறிஸ் மைனர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டி வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்தது. பிளக்கில் கரி படிந்தது. எஞ்சின் விரைவில் தேயும் என்று தெரிந்தே எமது மூத்தோர் ஓட்டினார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அந்தக் கெட்டித்தனத்தைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. என் கேள்வி வேறு. உதிரிப்பாகக் கடைகள் திறந்து இத்தனை ஆண்டுகள் சென்ற பின்பும், “நிற்கும் வரை ஓடட்டும், நின்றால் எதையாவது கட்டி ஓட்டுவோம்” என்ற எண்ணத்தை நாம் ஏன் இன்னும் சுமக்கிறோம்?

சொந்தக் காணியில் குடியிருப்பவருக்கு வாகனம் ஒரு வசதி. இடம்பெயர்ந்த குடும்பத்தின் நிலை அதுவல்ல. குடியிருப்பது ஓரிடம், குத்தகைக்குச் செய்யும் காணி இன்னோரிடம், சந்தை வேறோரிடம். நீர்ப்பம்பி, விதை வெங்காயம், பசளை, களை பிடுங்கப் போகும் பெண்கள் எல்லாம் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு பழைய பிக்கப்பில்தான் போய்வர வேண்டும். கத்தரிக்காய் பிடுங்கிய காலையில் அது நின்றுவிட்டால், வயல் வரம்பில் வந்து நிற்கும் வியாபாரி சொன்னதே விலை.

பழையதை விற்றுவிட்டு லீசிங்கில் புதியதை எடுக்கலாமே என்று சிலர் ஆலோசனை கூறுகிறார்கள். நான் இதற்கு உடன்படவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. இடையில் 2022 இல் ஒரு டொலரின் பெறுமதி சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியது. வாகன விலை அதோடு எங்கோ போய்விட்டது. பயிர் மழையைப் பார்த்து விளைகிறது, தவணைப் பணமோ மாதத்தைப் பார்த்து வந்து நிற்கிறது. தவணை தவறிய வீட்டில் வாகனமும் மிஞ்சுவதில்லை, கட்டிய பணமும் மிஞ்சுவதில்லை. ஆகவே கையிலுள்ள பழைய டீசல் பிக்கப்பைக் காப்பதே எமக்கு உகந்தது என்பது என் நிலைப்பாடு.

காப்பது என்றால் முதலில் தண்ணீர். குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிப்பதை எல்லா வீட்டிலும் காண்கிறோம். அதே படைதான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் பிடிக்கிறது. கேத்தலைத் தேய்க்கலாம், றேடியேற்றரின் உள்ளே கை போகாது. குழாய் அடைத்தால் எஞ்சின் சூடேறும். சூடேறிய டீசல் எஞ்சினில் ஹெட் வளையும், சில வேளை வெடிக்கும். அந்தச் செலவு ஒரு போகத்து வருமானத்தையே விழுங்கிவிடும். வழியில் தண்ணீர் குறைந்தால் அருகிலுள்ள கிணற்றில் அள்ளி ஊற்றுவது எமது வழக்கம். அவசரத்துக்கு அது பரவாயில்லை. அன்றாடத்துக்குக் கூலன்ற் வேண்டும். அது வாங்க இயலாதபோது கூரையில் பிடித்து வடித்த மழைநீர் கிணற்று நீரைவிட எவ்வளவோ மேல். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

காலையில் எஞ்சினை இயக்குமுன், சமதரையில் நிறுத்தி ஒயில் கம்பியை இழுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். வன்னியின் செம்புழுதி எயார் பில்ரரை அடைக்கும், அதைக் கிழமைக்கொரு தடவை தட்டுங்கள். கானில் சேர்த்து வைத்த டீசல் என்றால் அதில் நீர் கலந்திருக்கலாம். டீசல் பில்ரரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி நீரை வடியவிட வேண்டும்.

பிறேக் விடயத்தில் எந்தச் சமாளிப்பும் கூடாது. பிறேக் ஒயில் குறைந்தால் கைக்கு வந்த எஞ்சின் ஒயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உள்ளிருக்கும் றப்பரை ஊதச் செய்து பிறேக்கையே கெடுத்துவிடும். சரியான பிறேக் ஒயிலும் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். ஒரு தொன் ஏற்றும் பிக்கப்பில் இரண்டு தொன் பூசணி ஏற்றி, மேலே ஆட்களையும் இருத்திக்கொண்டு ஏ-9 வீதியில் வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. ரயரும் அப்படித்தான். அதன் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையில் செய்தது. பூ தேயாவிட்டாலும் வயது போன றப்பர் வெடிக்கும்.

இவையெல்லாம் பலருக்குத் தெரிந்தவையே. தெரிந்தும் செய்யப்படாததற்குக் காரணம், பொது வாகனத்துக்கு உரிமையாளர் பலர், பொறுப்பாளர் எவருமில்லை என்பதே. சங்கங்களுக்கு வாகனம் கொடுத்த திட்டங்கள் பலவும் கையளிப்பு விழாவோடு கோப்பை மூடிவிடுகின்றன. இரண்டாம் ஆண்டு ரயருக்கு யார் பணம் தருவது என்று எவரும் கேட்பதில்லை. எனவே நீங்களே கேட்க வேண்டும். ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 10 ரூபாவை, வருமானத்தைப் பங்கிடுமுன் எடுத்து வையுங்கள். 5,000 கிலோமீற்றர் ஓடி ஒயில் மாற்றும் நாளில் கையில் 50,000 ரூபா இருக்கும். அதில் மிஞ்சுவது ரயருக்கு. பணமும் கொப்பியும் சாரதியிடம் இருக்க வேண்டாம். கணக்கு வைப்பதில் கைதேர்ந்த பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரிடம் கொடுங்கள்.

இன்னொன்று. எமது ஊர்களில் ஓடும் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் பிக்கப்புகளில் பல ரைமிங் பெல்ட் உள்ளவை. 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை அதை மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் சிதையும். அறுவதற்கு முன் அது சத்தமும் காட்டாது. நீங்கள் வாங்கியபோது அது எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவு கிடைக்கவில்லையா? மாற்றவில்லை என்றே எண்ணி மாற்றுங்கள். மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் சாரதிக் கதவின் உட்புறத்தில் பெயின்ற்றால் எழுதிவிடுங்கள். கொப்பி தொலைந்தாலும் கதவு தொலையாது.