மீன் எந்தக் கரை என்று கேட்டால் என்ன தப்பு?



போன தடவை மஞ்சளுக்கு மூடாக்கு போட்டதைப் பற்றி எழுதினேன். இந்தத் தடவை ஹோட்டலுக்கு மீன் சாப்பிடப் போனதைப் பற்றி எழுதுகிறேன். "இயற்கை விவசாயப் பத்திரிகையில இது எதுக்குங்க?" என்று கேட்பீர்கள். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

மே மாசம் பேத்தியின் பிறந்த நாள். "கடல் மீன் ஹோட்டலுக்குப் போலாம் தாத்தா" என்று ஒரே பிடிவாதம். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் கிடைக்கும். ஊத்துக்குளியிலிருந்து குடும்பத்தோடு கிளம்பிப் போனோம். திருப்பூரில் இப்போது இந்த மாதிரி ஹோட்டல்கள் நிறைய வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் பேர் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடக்கிறார்கள். வாசலிலேயே ஐஸ் மேல் வஞ்சிரம், வாவல், இறால், நண்டு எல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள். பார்க்கவே நன்றாகத்தான் இருந்தது.

சப்ளை செய்த பையனிடம், "தம்பி, இது எந்த ஊரு மீன்?" என்று கேட்டேன்.

"எல்லாமே காலைல தூத்துக்குடில இருந்து வந்ததுங்க சார். உயிர் மீன் மாதிரி இருக்கும்."

"இப்ப தடைக்காலம் ஆச்சேப்பா?"

பையன் முழித்தான். மேனேஜர் வந்தார். அவரும் "ஃப்ரெஷ் சார்" என்ற ஒரு வார்த்தையைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. மகன் மெதுவாக, "அப்பா, எல்லாரும் பாக்கறாங்க, சும்மா இருங்க" என்றான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் இந்தத் தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள் ஆக்கினார்கள். தூத்துக்குடியும் இதில் அடக்கம். நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. அவர்கள் பிடித்து வருவது கொஞ்சம்தான். மேற்கே கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவில்தான் தடை ஆரம்பிக்கும், ஜூலை 31 வரை இருக்கும். ஆக, மே மாசத்தில் திருப்பூரில் ஒரு ஹோட்டலுக்கு இவ்வளவு பெரிய மீன் வந்தால், அது நாட்டுப்படகு மீனாக இருக்கலாம், கேரளக் கரை மீனாக இருக்கலாம், பல வாரம் குளிர்கிடங்கில் கிடந்ததாகவும் இருக்கலாம். இதில் எதுவும் குற்றமில்லை. எது என்று விற்கிறவருக்கே தெரியவில்லை, அல்லது சொல்ல மனசில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமா? எந்த ஊரில் யார் கடைந்த வெண்ணெயாக இருந்தாலும் "ஊத்துக்குளி வெண்ணெய்" என்று பேர் போட்டால் விலை போகிறது. அதைப் பார்த்து நமக்கு வயிறு எரிகிறது இல்லையா? "தூத்துக்குடி மீன்" என்கிற பேரும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறது. அங்கே நிஜமாகவே வலை போடுகிற நாட்டுப்படகுக்காரருக்கும் வயிறு எரியும்.

மீனாவது போகட்டும். எனக்கு நெஞ்சில் குத்தியது இறால். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இத்தனை வருஷமாக இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன், இதைச் சொன்னதில்லை.

1990களின் தொடக்கத்தில் நான் வங்கியில் விவசாயக் கடன் பார்க்கிற அதிகாரியாக நாகப்பட்டினம் கடற்கரைப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். அப்போது இறால் பண்ணை என்றால் பணம் காய்ச்சி மரம். நெல் வயலை வாங்கி, குட்டை வெட்டி, கடல் தண்ணீரைப் பாய்ச்சி வரி இறால் வளர்த்தார்கள். எங்களுக்கு மேலிடத்திலிருந்து டார்கெட். நானும் கடன் மனுக்களைப் பரிந்துரை செய்து கையெழுத்துப் போட்டேன். ஒன்றிரண்டு அல்ல.

ஒரு நாள் ஒரு பெரியவர் கிளைக்கு வந்தார். பண்ணைக்குப் பக்கத்து வயல்காரர். "அய்யா, பக்கத்துக் குட்டை உப்பு எங் கெணத்துல எறங்கிருச்சு. நாத்து கருகுது. நீங்க குடுத்த கடன்தானுங்களே அது?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெரியவரே, நான் பேப்பரைத்தான் பார்க்க முடியும்." அந்தக் கடன் படிவத்தில் நிலத்துக்கு, மோட்டாருக்கு, தீவனத்துக்கு, லாபத்துக்கு எல்லாம் கட்டம் இருந்தது. பக்கத்து வயலுக்குக் கட்டம் இல்லை.

1994, 95 வாக்கில் வெள்ளைப்புள்ளி வைரஸ் வந்து இறால் செத்து மிதந்தது. கடன் வராக்கடன் ஆனது. குட்டைகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். இறாலும் இல்லை, நெல்லும் இல்லை என்று நிலம் உப்புப் பூத்துக் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் அந்தப் பண்ணைகளை எதிர்த்துச் சத்தியாகிரகம் இருந்தார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் கட்டிய இறால் குட்டைகளை அகற்ற வேண்டும், விளைநிலத்தையும் உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது, கெடுத்தவரே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பதிவு, அனுமதி என்ற முறைகளோடு பண்ணைகளும் தொடர்ந்தன.

அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி எனக்கே திரும்பி வந்ததுதான் கொடுமை. எங்கள் பூமி நொய்யலுக்குப் பக்கம். சாயத்தண்ணி எங்கள் கிணற்றில் இறங்கியது. தென்னை மட்டை காய்ந்து தொங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தொட்டியாகிப் போன கதை உங்களுக்குத் தெரியும். நொய்யல் உழவர்கள் வழக்கு மேல் வழக்காக நடத்தி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை நாம் பட்ட பாடும் தெரியும். எங்கப்பாரு அப்போது என்னிடம் கேட்டார்: "ஏண்டா, இந்தப் பட்டறைக்கெல்லாம் உங்க பேங்குகதானே கடன் குடுத்துது?" நான் பதில் சொல்லவில்லை.

இப்போது தட்டில் வருகிற இறால் பெரும்பாலும் வன்னாமெய். லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த இனம். 2009-இல் இங்கே வளர்க்க அனுமதித்தார்கள். ஆந்திராவில்தான் அதிகம் வளர்கிறது. ஒழுங்காக வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்ற தடை செய்த மருந்துகளின் எச்சம் இருக்கிறதென்று ஐரோப்பாக்காரன் நம் இறாலைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். 2016-க்குப் பிறகு நம் பண்ணை இறால் சரக்கில் பாதியைச் சோதித்துப் பார்க்கிற அளவுக்குப் போனார்கள். அவன் தட்டுக்கு அவ்வளவு சோதனை. திருப்பூரில் என் பேத்தி தட்டுக்கு யார் சோதனை செய்கிறார்கள்?

மீனுக்கும் இதே கேள்விதான். 2018 ஜூன் மாசம் கேரளச் சோதனைச்சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீனை டன் கணக்கில் பிடித்தார்கள். அடுத்த மாதமே சென்னைச் சந்தை மீனிலும் ஃபார்மலின் இருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. பிணத்தைக் கெடாமல் வைக்கப் பயன்படுத்துகிற மருந்து அது. நம்மில் பலர் தென்னம்பாளையம் மார்க்கெட்டில் மீன் கழிவு வாங்கி, சம எடை நாட்டுச்சர்க்கரை போட்டு மீன் அமிலம் தயாரிக்கிறோம். நுண்ணுயிரைக் கொல்கிற மருந்து கலந்த மீன் எப்படி நொதிக்கும்? ஆக, தட்டில் கேட்க வேண்டிய கேள்வி தோட்டத்திலும் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. இழுவைமடி போடுகிற விசைப்படகு கடலடியைச் சீவிக்கொண்டு வரும்போது, விலை போகாத பொடி மீனும் குஞ்சும் சேர்ந்து வருகிறது. அதைக் காயவைத்து அரைத்து நாமக்கல் கோழித் தீவனத்துக்கும், இறால், மீன் தீவனத்துக்கும் அனுப்புகிறார்கள். அடுத்த வருஷம் வளர வேண்டிய மீன் அது. விதை நெல்லைக் குத்திச் சாப்பிட்டால் எப்படியோ, அப்படி. கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கென்று ஒதுக்கிய சட்டம் 1983-லேயே வந்துவிட்டது. இன்றைக்கும் அந்த எல்லைக்காகச் சண்டை நடக்கிறது. பெரிய முதலாளியோடு சிறு விவசாயி படுகிற பாடுதான் நாட்டுப்படகுக்காரர் கடலில் படுவதும்.

அன்றைக்கு ஹோட்டலிலிருந்து திரும்பி வரும்போது மருமகள் ஒரு வார்த்தை சொன்னாள். "மாமா, நம்மகிட்ட அரிசி வாங்கறவங்க 'இது நெசமா இயற்கைதானா, என்ன ஆதாரம்'னு கேட்டா உங்களுக்குக் கோவம் வருதுல்லங்க? இன்னைக்கு நீங்களும் அதைத்தானே கேட்டீங்க?"

சுருக்கென்றது. உண்மைதான். போன தை மாசம் கோவையிலிருந்து ஒருத்தர் போனில் பத்துக் கேள்வி கேட்டபோது, "நம்பிக்கை இருந்தா வாங்குங்க" என்று வைத்துவிட்டேன். அந்த மேனேஜர் "ஃப்ரெஷ் சார்" என்றதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த நாள் அவரைத் திரும்பக் கூப்பிட்டேன். தோட்டத்துக்கு வந்து பார்க்கச் சொன்னேன். வந்தார், பார்த்தார், இப்போது மாசாமாசம் அரிசி வாங்குகிறார்.

சிலர் சொல்லலாம்: "மீனே சாப்பிடாமல் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே." அது அவரவர் விருப்பம். ஆனால் நாம் ஒதுங்கிக்கொண்டால் கடற்கரைக்காரர் பிழைப்புக்கு என்ன வழி? இன்னும் சிலர், "வருஷத்துக்கு ஒரு நாள் சாப்பாடு, அதுல போய் விசாரணையா?" என்பார்கள். நகரத்து மக்களும் நம்ம தக்காளியைப் பற்றி அப்படி நினைத்திருந்தால் இயற்கை அங்காடி ஒன்றுகூட நடந்திருக்காது.

நான் இப்போது கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

ஹோட்டலில் மூன்று கேள்வி கேட்கிறேன். என்ன மீன், எந்தக் கரை அல்லது எந்தக் குளம், எப்போது வந்தது. சண்டை போடுகிற குரலில் கேட்பதில்லை. தெரியாது என்று உண்மையைச் சொன்னால் அதற்கும் மரியாதை கொடுக்கிறேன். முழு மீனைக் காட்டச் சொல்கிறேன். கண் தெளிவாகத் துருத்திக்கொண்டு இருக்கணும், செவுள் சிவப்பாக இருக்கணும், விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழும்பணும்.

தடைக்காலத்தில் வஞ்சிரம் கேட்பதில்லை. மத்தி, நெத்திலி, அயிலை மாதிரி சின்ன மீன் கிடைத்தால் அதுவே போதும். விலையும் கம்மி, சத்தும் அதிகம். இல்லையென்றால் கருவாடு. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்களுக்குக் கடல் என்றால் சந்தைக் கருவாடுதான்.

தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு குஞ்சு விட்டிருக்கிறேன். குட்டைத் தண்ணீர் தென்னைக்குப் பாய்கிறது. வீட்டுக்குப் போக மீதி மீன் அக்கம்பக்கத்துக்கு. ஆனால் சாயத்தண்ணி ஏறிய கிணற்றுத் தண்ணீரைக் குட்டைக்கு விடுவதில்லை, மழைத் தண்ணீர் மட்டும்தான்.

கடைசியாக ஒரு யோசனை. நம் இயக்கத்துக்கு அங்காடிகள் இருக்கின்றன, வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். கடற்கரையில் நாட்டுப்படகு மீனவர் சங்கங்கள் இருக்கின்றன. இடையில் நாலு தரகர் இல்லாமல், அவர்கள் கருவாட்டை நாம் விற்போம். நம் அரிசியும் பருப்பும் வெண்ணெயும் அவர்கள் ஊருக்குப் போகட்டும். மூட்டை மேல் படகுக்காரர் பேரும் ஊரும் இருக்கட்டும், நம் பேரும் இருக்கட்டும். கருவாடு கெடாது, ஐஸ் வேண்டாம், லாரி அவசரம் இல்லை. அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அந்த நாகைப் பெரியவர் இன்று இருப்பாரா என்று தெரியாது. அவருக்கு நான் கொடுக்க வேண்டிய பதில் முப்பது வருஷமாகப் பாக்கி இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடற்கரைப் பக்கம் பழக்கம் உள்ளவர்கள் அவசியம் வாருங்கள்.