13 டிகிரி மோகம்

போன மாதம் பெரியப்பா வீட்டு மொட்டை மாடியில் ஒரு சின்ன வாக்குவாதம். சோலார் பேனல் பொருத்த வந்தவர், "சென்னை 13 டிகிரி அட்சரேகை சார். பேனலைத் தெற்கு பார்த்து சரியா 13 டிகிரி சாய்க்கணும். ஒரு டிகிரி மாறினாலும் நஷ்டம்" என்று அடித்துச் சொன்னார். பெரியப்பா என் பக்கம் திரும்பி, "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, இவர் சொல்றது சரியானு பாரு" என்றார். மாட்டிக்கொண்டேன் :-)

அன்று இரவே எக்செல்லைத் திறந்து உட்கார்ந்தேன். கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. சாய்ந்த பேனலில் விழும் வெளிச்சத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒன்று, சூரியனிலிருந்து நேராக வரும் கதிர். இரண்டு, மேகத்திலும் தூசியிலும் சிதறி வானம் முழுவதிலிருந்தும் வரும் ஒளி. மூன்று, தரையில் பட்டுத் திரும்பி வரும் ஒளி. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் லியூ, ஜோர்டன் என்ற இருவர் போட்ட கணக்கைத்தான் இன்றும் முதலில் சொல்லித் தருகிறார்கள். வானம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு பிரகாசமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளும் எளிய முறை அது. சூரியனைச் சுற்றியுள்ள வானம் அதிகப் பிரகாசம் என்பதையும் சேர்த்துக்கொள்ளும் பெரஸ் முறை போன்றவை பிறகு வந்தன.

சரி, சென்னைக்கு என்ன விடை? டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தலைக்கு மேலிருந்து சுமார் 36 டிகிரி தெற்கே நிற்கும். அப்போது 13 டிகிரி சாய்ந்த பேனலுக்கு, படுக்க வைத்த பேனலைவிட 14 சதவீதம் அதிக நேர்க்கதிர் கிடைக்கிறது. ஆஹா என்று தோன்றும். ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது! ஜூன் 21 நண்பகலில் அதே சாய்ந்த பேனலுக்கு 7 சதவீதம் நஷ்டம்.

இன்னொரு விஷயம். சாய்வால் லாபம் வரவேண்டிய மாதங்களில்தான், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நமக்கு வடகிழக்குப் பருவமழை. மேகம் மூடினால் நேர்க்கதிர் போய் சிதறிய ஒளிதான் மிஞ்சும். அதற்குச் சாய்வால் பயனில்லை. 13 டிகிரி சாய்த்தால் வானத்தின் சிதறிய ஒளியில் ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகவே இழக்கிறோம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், வருடம் முழுவதற்கும் சாய்வால் கிடைக்கும் லாபம் சில சதவீதம்தான். மிகச் சிறந்த கோணத்திலிருந்து 5 டிகிரி தள்ளிப் போனால்? 5 டிகிரியின் கோசைன் 0.996. இழப்பு அரை சதவீதத்தைத் தாண்டாது. ஒரு டிகிரிக்காகச் சண்டை போடுவது வீண் வேலை.

அப்படியானால் சாய்வே வேண்டாமா? வேண்டும். 10 டிகிரியாவது இருந்தால்தான் மழைத்தண்ணீர் வழிந்தோடித் தூசியைக் கழுவும். ஆனால் அதற்கும் அட்சரேகைக்கும் சம்பந்தமில்லை.

விடையோடு மறுநாள் பெருமையாக மாடிக்குப் போனேன். அங்கேதான் என் பெருமை இறங்கியது. மாலை 4 மணி. பேனல் வைக்கப் போகும் இடத்தின் பாதியில் தண்ணீர் டேங்கின் நிழல்! என் எக்செல்லில் டேங்கே இல்லை.

நம் வீடுகளில் டேங்க் எங்கே இருக்கும்? வாஸ்துப்படி கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில். குளிர்காலப் பிற்பகல் சூரியனும் தென்மேற்கில்தான். டிசம்பர் மாலை 4 மணிக்குச் சூரியன் சுமார் 22 டிகிரி உயரத்தில் இருப்பதால், நிழல் டேங்கின் உயரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு நீளும். வழக்கமான பேனலில் மூன்று பைபாஸ் டையோடுகள் இருக்கும். ஓரத்தில் சின்ன நிழல் விழுந்தாலே அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போய்விடலாம். இதன் முன்னால் ஒரு டிகிரி எம்மாத்திரம்?

நான் சொல்ல வருவது இதுதான். கணக்கு முறையில் தப்பில்லை. எளிதாகக் கணக்கிட முடிகிற கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டிய கேள்வியை விட்டுவிடுகிறோம். கல்லூரியிலும் இதே கதைதான். விடையை நான்கு தசம இடம் வரை எழுதினால் மதிப்பெண். "நிழல் எங்கே?" என்று கேட்டால் மதிப்பெண் கிடையாது.

இது வெறும் ஏட்டுச் சண்டையும் இல்லை. 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். மீதிப் பணம் வீட்டுக்காரர் கையிலிருந்துதான் போகிறது. பெரியப்பா போட்டது ஓய்வு பெற்றபோது வந்த பணம். "வருடத்துக்கு இத்தனை யூனிட்" என்று தாளில் எழுதித் தருகிறவர், அதில் டேங்க் நிழலைச் சேர்த்தாரா என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

கடைசியில் என்ன ஆனது? டேங்கை நகர்த்தப் பெரியப்பா சம்மதிக்கவில்லை, வாஸ்து! பேனல்கள்தான் நகர்ந்தன. இடம் போதாமல் ஒன்று குறைந்தது. சாய்வு? 10 டிகிரி. வந்தவர் முகம் சுளித்தார், ஆனாலும் பொருத்திக் கொடுத்தார்.

உங்கள் வீட்டில் பேனல் போடுவதாக இருந்தால், கையெழுத்துப் போடும் முன் ஒருநாள் காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மாடி ஏறிப் பாருங்கள். டிசம்பராக இருந்தால் இன்னும் நல்லது. பார்த்ததை இங்கே வந்து சொல்லுங்கள்.