கலியாணக் கடனும் குடும்பக் கணக்கும்

நமது மக்களுக்குக் கடன் என்பது உடம்போடு பிறந்த மச்சம் போல் ஆகிவிட்டது. ஏன் என்று கேட்டால் "எல்லாம் தலையெழுத்து" என்கின்றார்கள். தலையில் எழுதியவன் எத்தனை வட்டிக்கு எழுதினான், எந்தத் தேதியில் எழுதினான், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டால் மாத்திரம் பதில் கிடையாது. ஆனால் புரோநோட்டை எடுத்துப் பார்த்தால் அதில் தேதி இருக்கின்றது, வட்டி இருக்கின்றது, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அவரவர் கையெழுத்தும் இருக்கின்றது. ஆகவே இது பிரமன் எழுதிய எழுத்தல்ல, குடும்பத் தலைவர் எழுதிக் கொடுத்த எழுத்து என்பதை ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு பேசுவதில் பிரயோஜனம் உண்டு.

குடும்பக் கணக்கைப் பற்றி உபதேசம் செய்கின்ற கனவான்களுக்கு இப்போது குறைவில்லை. வருமானத்தை மூன்று பங்காகப் பிரித்துக்கொள், ஒன்று தேவைக்கு, ஒன்று ஆசைக்கு, ஒன்று கடனுக்கு என்று அவர்கள் சொல்லுகின்றார்கள். பிரிவினை நல்லதுதான். நமக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அப்புறம் ஏழையைப் பார்த்து அவர்கள் சொல்லும் புத்திமதி என்னவென்றால், டீக்கடைக்குப் போகாதே, சினிமாவுக்குப் போகாதே, பிள்ளைக்குப் புதுச் செருப்பு வாங்காதே என்பதுதான். கலியாண மண்டபத்து வாசலில் வந்ததும் இந்தக் கனவான்களுடைய வாய் அடைத்துக்கொள்ளுகின்றது. அங்கே போய்ப் பந்தியில் உட்கார்ந்துகொள்ளுகின்றார்கள்.

நாம் கேட்கின்றோம். பெண் பெரியவளானதற்கு மண்டபம் பிடித்து, தெரு முனையில் அவள் படத்தைப் பிளெக்ஸ் பலகையில் போட்டு, தாய்மாமன் 101 தட்டு வரிசையோடு மேளம் கொட்டி வருவது இந்த மூன்றில் எதைச் சேர்ந்தது? தேவையா? அது நடக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்காதா, படிப்பு வராதா? சரி, ஆசையா என்றால், யாருடைய ஆசை? அந்தப் பெண்ணைக் கேட்டவர்கள் உண்டா? தன் உடம்பில் ஏற்பட்ட ஒரு மாறுதலை ஊருக்கெல்லாம் தமுக்கடிப்பதில் எந்தப் பெண்ணுக்கு ஆசை இருக்கும்? தாயைக் கேட்டால் "செய்யாவிட்டால் மதிப்பார்களா?" என்பாள். தகப்பனைக் கேட்டால் "அண்ணன் வீட்டில் செய்தார்களே" என்பான். ஆகவே வீட்டிலுள்ள ஒருவருக்கும் ஆசையில்லாத, ஒருவருக்கும் தேவையில்லாத ஒரு செலவு, தேவைக்கெல்லாம் முந்திய தேவையாக வந்து உட்கார்ந்துகொள்ளுகின்றது. அதற்குப் பெயர் "முறை". காதணி விழா, வளைகாப்பு, கிடா வெட்டு, பதினாறாம் நாள் கருமாதி, கோவில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி இவையெல்லாம் இந்த முறையைச் சேர்ந்த பங்காளிகள்.

வாய்ப்பேச்சு வேண்டாம், கணக்கே போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். கணவர் கொத்து வேலை, மனைவி பனியன் கம்பெனி வேலை. வேலையில்லாத நாளையும் மழை நாளையும் கழித்து இருவர் வருமானமும் மாதம் 24,000 ரூபாய். அரிசி ரேஷனில் வந்துவிடுகின்றது. வாடகை 4,500, மளிகையும் காயும் பாலும் 7,500, மின்சாரமும் கேஸும் 1,500, பிள்ளைகள் படிப்புக்கும் பஸ்ஸுக்கும் 2,000, மருந்துக்கு 1,000. ஆக 16,500 போக மிச்சம் 7,500. இது ஒன்றும் மோசமான குடும்பமல்ல. மானமாய்ப் பிழைக்கக் கூடியதேயாகும்.

இந்தக் குடும்பம் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா என்று சொல்லி 2,00,000 ரூபாய் செலவழித்தது. மொய் 60,000 வந்தது. பாக்கி 1,40,000 மூன்று வட்டிக்குக் கடன். மூன்று வட்டி என்றால் சின்ன எண்ணாகத் தோன்றும். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், வருஷத்துக்கு 36 ரூபாய் என்று திருப்பிச் சொல்லிப் பாருங்கள். மாதம் பிறந்தால் 4,200 ரூபாய் வட்டி. வட்டியை மாத்திரம் கட்டிக்கொண்டு வந்தால் ஐந்து வருஷத்தில் 2,52,000 ரூபாய் கட்டியிருப்பார்கள், அசல் 1,40,000 அப்படியே நிற்கும். மாதம் 5,000 கட்டினால் கடன் தீர 62 மாதம் ஆகும், மொத்தம் ஏறக்குறைய 3,10,000 போகும். மிச்சமுள்ள 7,500ஐயும் கட்டினால் 28 மாதத்தில் தீரும், மொத்தம் ஏறக்குறைய 2,08,000. மாதம் 2,500 ரூபாய் கூட்டியதனால் ஒரு லட்சம் ரூபாய் மிஞ்சுகின்றது.

இனி இந்த வீட்டில், டீயையும் பூவையும் குறைக்கச் சொல்லுகின்ற உபதேசத்தைப் பரீட்சித்துப் பாருங்கள். அந்த அம்மாள் ஒரு முழம் பூ வாங்கவும், மாதத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு சினிமாவுக்குப் போகவும், திடீரென்று காய்ச்சல் வந்தால் கையில் வைத்துக்கொள்ளவுமாக மாதம் 1,000 ரூபாய் எடுத்து வைத்து, 6,500 மாத்திரம் கடனுக்குக் கட்டினாலும் 36 மாதத்தில் கடன் தீர்ந்துவிடுகின்றது. 28க்கும் 36க்கும் வித்தியாசம் எட்டு மாதம். மூன்று வருஷத்துச் சந்தோஷத்துக்கு விலை அவ்வளவுதான். ஆசையே துன்பத்துக்குக் காரணம், ஆசையை ஒழி என்று காவி கட்டியவர்கள் சொல்லட்டும். நாம் சொல்லமாட்டோம். உழைக்கிறவன் ஆசைப்பட வேண்டும், உழைக்கிறவள் அதைவிட அதிகமாக ஆசைப்பட வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். கையிலே ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் கடனுக்கே கொட்டுகின்ற குடும்பம், ஒரு காய்ச்சல் வந்தாலும் மறுபடி தண்டல்காரனிடந்தான் போய் நிற்கும்.

அந்தத் தண்டலின் லட்சணம் என்ன? 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500ஐக் கையில் கொடுப்பது, தினம் 100 வீதம் 100 நாள் வாங்கிக்கொள்ளுவது. "1,500 தானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாள் முதற்கொண்டே பணம் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால் கடனாளி கையில் 100 நாளும் சராசரியாக நின்றது சுமார் பாதிதான், அதாவது 4,000 சொச்சம். அதற்கு மூன்றே கால் மாதத்தில் 1,500 வட்டி! வருஷக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு நூறுக்கும் மேலே போகின்றது. கூட்டல் கழித்தல் தெரியாதவர்களா நம் ஜனங்கள்? ராகு காலம் எமகண்டம் எல்லாம் நிமிஷக் கணக்காய்த் தெரிகின்றது. வட்டிக் கணக்கு மாத்திரம் தெரிவதில்லை.

நிற்க, "செலவழித்தால் என்ன, மொய்யாகத் திரும்பி வந்துவிடுகின்றதே" என்பார்கள். மொய் என்பது வரவா? மொய் நோட்டில் பேரும் ஊரும் தொகையும் எழுதி வைப்பது எதற்கு? அது வட்டியில்லாத கைமாத்தே தவிர வேறில்லை. இன்று வந்த 60,000, நாளை அவர்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் சற்றுக் கூடுதலாகவே திரும்பிப் போக வேண்டும். ஆகவே மேலே போட்ட கணக்கில் கடன் 1,40,000 அல்ல, முழு 2,00,000மேயாகும். பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கங்களில் ஆடி ஆவணி மாதங்களில் "மொய் விருந்து" என்றே வைக்கின்றார்கள். பிள்ளை, பெண் என்ற சாக்கு ஒன்றுமில்லை. கறிச் சோறு போட்டு மொய் வாங்குவதே காரியம். இதைச் சிலர் பரிகாசம் செய்கின்றார்கள். நமக்கு என்னமோ மற்றதைவிட இதுதான் யோக்கியமாகப் படுகின்றது. இது கடன் வாங்கும் விழா என்று வெளிப்படையாய்ச் சொல்லிவிடுகின்றார்கள் அல்லவா? வாங்கிய பணத்தைத் தொழிலில் போட்டுத் திருப்புகிறவன் பிழைத்துக்கொள்ளுகிறான். வாங்கியதை ஆடம்பரத்தில் விட்டவன் அதைத் திருப்புவதற்கு நிலத்தை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

இந்தப் புத்தி நம் மக்களுக்கு எங்கிருந்து வந்தது? திருப்பதி வெங்கடாசலபதி பத்மாவதியைக் கலியாணம் செய்துகொள்ளக் குபேரனிடம் கடன் வாங்கினார் என்பது ஸ்தல புராணம். அந்தக் கடன் கலியுகம் முடிகிற வரைக்கும் தீராதாம். பக்தர்கள் உண்டியலில் போடுவதெல்லாம் அதற்குத்தான் போகின்றதாம். அண்மை வருஷங்களில் அந்த உண்டியலில் வருஷத்துக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் விழுகின்றது. இன்னும் தீரவில்லை! சகல ஐசுவரியத்துக்கும் அதிபதியான லட்சுமியை மார்பில் வைத்திருக்கும் கடவுளே கலியாணத்துக்குக் கடன் வாங்கி அடைக்க முடியாமல் நிற்கின்றார் என்று ஒரு கதையைச் சொல்லி, அதைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்கிற நாட்டில், கூலிக்காரன் கடன் வாங்கிக் கலியாணம் செய்வதில் என்ன ஆச்சரியம்? கடவுளுக்காவது கடனைக் கட்ட பக்தர்கள் இருக்கின்றார்கள். நம் கொத்தனாருக்காக யார் உண்டியலில் போடுவார்கள்?

அன்றியும், இந்த ஜன்மத்தில் கொடுக்காத கடனுக்கு மறு ஜன்மத்தில் கடன்காரன் வீட்டு மாடாய்ப் பிறந்து உழைக்க வேண்டும் என்று ஒரு பயமுறுத்தலையும் கிளப்பிவிட்டிருக்கின்றார்கள். இது லேவாதேவிக்காரனுக்குச் சம்பளமில்லாத வக்கீல். வாங்கியதை நியாயமாய்த் திருப்ப வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனால் வட்டி என்பது ஒரு புனிதமான வஸ்து அல்ல. 1938ல் சென்னை மாகாணத்தில் செய்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், பழைய கடனுக்கு அசலைப்போல் இரு மடங்கு கட்டியாகிவிட்டதென்றால் அந்தக் கடன் தீர்ந்ததென்றே வைத்தது. அதனால் எந்த விவசாயியும் மாடாய்ப் பிறந்ததாகத் தகவல் இல்லை.

இதற்கு மாறாக நம் இயக்கம் செய்து காட்டியது என்ன? 1928ல் அருப்புக்கோட்டைக்கு அடுத்த சுக்கிலநத்தத்தில் புரோகிதரில்லாமல் சுயமரியாதைக் கலியாணம் நடந்தது. வெகு காலம் அது செல்லாது என்று கோர்ட்டுகள் சொல்லிக்கொண்டிருந்து, 1967ல் அண்ணா மந்திரிசபையில் சட்டம் வந்தது. ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரிந்த பாஷையில் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். அதற்கும் ஊரைக் கூட்ட வேண்டிய அவசியமில்லை என்று 2023ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆகவே சட்டப்படி ஒரு கலியாணத்துக்குச் செலவு இரண்டு மாலைதான்.

ஆனால் நம் தோழர்களில் சிலரையும் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஐயரை விலக்கினீர்கள், மந்திரத்தை விலக்கினீர்கள், மெத்தச் சரி. ஐயருக்குப் போயிருக்க வேண்டியது சில ஆயிரம். அதை நிறுத்திவிட்டு, குளிரூட்டிய மண்டபத்துக்கும் இருபத்தைந்து வகைச் சாப்பாட்டுக்கும் ஐம்பது பவுனுக்கும் வானத்திலே பறந்து படம் பிடிக்கிற யந்திரத்துக்கும் பல லட்சம் கடன் வாங்கி, மேடையில் தலைவர் படத்தையும் மாட்டி வைத்தால் அது சுயமரியாதைக் கலியாணமா? சிக்கனமில்லாத கலியாணத்தில் புரோகிதர் இல்லை என்பது ஒரு பெருமையல்ல. அழைப்பிதழ் அனுப்புகிறவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, நாம் இதைச் சொல்லியே தீருவோம்.

இனிக் கடனில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு வருவோம். நம் வீடுகளில் யார் அதிகமாகச் சத்தம் போடுகின்றார்களோ அவர்களுக்கே முதலில் பணம் போகின்றது. இது தப்பு. எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதற்கே முதலில் போக வேண்டும். பெட்டியில் நகை இருந்தால், அது அந்த அம்மாளுடைய சொத்தாதலால் அவர் மனமொப்பிச் சம்மதிக்கிற பட்சத்தில், அதைக் கூட்டுறவுச் சங்கத்திலோ பாங்கியிலோ வைத்து மூன்று வட்டிக்காரனை முதலில் அடைத்துவிடலாம். ஏறக்குறைய ஒரு வட்டியில் கிடைக்குமானால், அதே 1,40,000, அதே 6,500 தவணையில் 25 மாதத்தில் தீர்ந்துவிடும். வாரக் குழுக் கடன் எடுக்கிறவர்கள் தவணைகளையெல்லாம் கூட்டிப் பார்த்து எடுக்க வேண்டும். ரிசர்வ் பாங்கு 2022ல் போட்ட விதிப்படி இம்மாதிரிச் சிறு கடனில் குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக்கூடாது. ஆனால் மேற்படி குடும்பத்தில் பாதி என்றால் 12,000. கையில் மிஞ்சுவதோ 7,500. ஆகவே விதி அனுமதிக்கிறதே என்று வாங்கினால் அடுப்பில் பூனை தூங்கும்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவை 2003ஆம் வருஷத்துச் சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் அந்தச் சட்டம் வந்து 14 வருஷம் கழித்து, 2017 அக்டோபரில், திருநெல்வேலியில் கந்து வட்டிக் கொடுமை தாங்காத ஒரு கூலித் தொழிலாளியும் அவர் மனைவியும் இரண்டு சிறு குழந்தைகளும் உயிர் விட்டார்கள். மனு மேல் மனுக் கொடுத்தும் பயன் காணாதவர்கள் அவர்கள். கடன்காரன் வாசலில் வந்து நின்று ஏசினால் குடும்பத்தோடு சாக வேண்டும் என்று எந்த மானம் சொல்லுகின்றது? குற்றவாளி வாசலில் நிற்பவன். வீட்டுக்குள் இருப்பவர்களல்ல. அப்படி ஒருவன் வந்தால் தெருவிலுள்ள நம் தோழர்கள் நாலு பேர் உடனே போய்க் கூட நிற்க வேண்டும். போலீசுக்கு மனுக் கொடுக்கக் கூடவே போக வேண்டும். மனுவுக்கு ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு இறங்கக்கூடாது.

ஆவணி பிறந்தால் மண்டபங்களுக்கெல்லாம் நல்ல நாள் பிறந்துவிடும். பஞ்சாங்கத்தைப் புரட்டுவதற்கு முன் வீட்டுக் கணக்கு நோட்டை அந்த வீட்டு அம்மாள் கையில் கொடுத்து, ஒரு ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து, நாம் மேலே போட்ட கணக்கைத் தங்கள் வீட்டு எண்களை வைத்துப் போட்டுப் பார்க்கட்டும். அழைப்பிதழ் அச்சடிக்க முன்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.