'ஓ.ஆர்.எஸ்'னு எழுதியிருந்தா போதுமா? குழந்தைக்குக் கொடுக்கும் முன் பாருங்க!

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், கீழ்பென்னாத்தூர் மாதிரி ஊர்களில் பலரும் முதலில் ஓடுவது மெடிக்கலுக்குத்தான். 'ஓ.ஆர்.எஸ்' என்ற எழுத்தோடு கடைகளில் விற்கப்பட்ட பழச்சுவை பானங்கள் பலவும் வெறும் இனிப்புப் பானங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான் இருக்கணும். இவற்றில் சர்க்கரை அதைவிடப் பல மடங்கு. சர்க்கரை கூடினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பேதி இன்னும் மோசமாகும்.

இதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் 8 ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில்தான் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ இந்தப் பெயருக்குத் தடை போட்டது. 2022-ல், 'இது ஓ.ஆர்.எஸ் அல்ல' என்ற எச்சரிக்கையோடு விற்கலாம் என்று அனுமதித்ததும் இதே ஆணையம்தான். பொடி எழுத்தை யாருங்க படிப்பாங்க?

வாங்கும்போது பாக்கெட்டில் 'டபிள்யூ.எச்.ஓ ஃபார்முலா' என்று இருக்கிறதா பாருங்க. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ் பாக்கெட் இலவசம்.