பெயிலான வண்டி

உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷத்துக்குமேல் கழித்துவிட்ட நமக்குப் பரீக்ஷையில் தவறிய பிள்ளைகளின் முகங்கள் நன்றாகப் பழக்கமானவை. அவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவன், "எந்தக் கணக்கு, சார், தப்பாய்ப் போயிற்று?" என்று கேட்பான். மற்றவன், "யாரைப் பார்த்தால் மார்க் போடுவார்கள்?" என்று விசாரிப்பான். முதல்வனைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. சென்ற மே மாதத்தில் மோட்டார் வண்டிகளுக்கு நடந்த ஒரு பரீக்ஷையைக் காண நேர்ந்தது. வண்டிக்காரர்களிலும் இதே இரண்டு ரகந்தான் என்பதை அன்று தெரிந்துகொண்டோம்.

தமிழ்நாட்டில் கோடை விடுமுறை முடிவதற்குள், பள்ளிக்கூட வண்டிகளை யெல்லாம் ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பரிசோதிப்பது வழக்கம். போக்குவரத்து, போலீஸ், ரெவின்யூ, கல்வி ஆகிய இலாகாக்களின் அதிகாரிகள் சேர்ந்து வந்து பார்ப்பார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2012 ஜூலையில், தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தான் ஏறிவந்த பள்ளி பஸ்ஸின் தளத்திலிருந்த ஓட்டை வழியே கீழே விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தாள். சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளும் அந்த வருஷத்திலேயே பிறந்தன.

நம் பள்ளிக்கூடத்து வேனுடன், டிரைவருக்குத் துணையாக நாமும் போயிருந்தோம். உச்சி வெயில். ஜனங்கள் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டிக்குள் ஏறினார். அவசர வழிக் கதவைத் திறக்கச் சொன்னார்; டிரைவர் தோளைக் கொடுத்து முட்டியும் அது அசையவில்லை. தீயணைக்கும் கருவியைப் பார்த்தார். அதன் கெடு முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பிறகு மூன்றாவது இருக்கையின் கீழே ரப்பர் விரிப்பைத் தூக்கினார். சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு துருப்பிடித்து, விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. அதன் வழியே மைதானத்துப் புழுதி தெரிந்தது.

"எப்.சி. டிசம்பர் வரையில் இருக்கிறதே!" என்றோம் நாம், கையிலிருந்த காகிதத்தைக் காட்டி.

"காகிதம் நன்றாய்த்தான் இருக்கிறது, சார்" என்றார் அவர். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வாசலுக்கு வருமுன்பே ஒரு தரகர் பின்னாலேயே வந்தார். "இதுக்குப் போய்க் கவலைப்படலாமா, சார்? மேலே ஒரு தகரத்தை வச்சு, மேட்டைப் போட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். உண்மையைச் சொன்னால், பள்ளி திறக்கப் பத்து நாளே இருந்ததை நினைத்து, நாமும் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றுவிட்டோம். டிரைவர்தான் வாயைத் திறந்தார்: "அந்த சீட்டுலதான் சார் ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைங்க உட்காருது." அதற்குமேல் தரகரிடம் நமக்குப் பேச்சு இல்லை.

வண்டி தேறாமல் போனால் என்ன செய்வது? அந்தப் பத்து நாளில் நாம் கற்றுக்கொண்டதை நேயர்களுக்குச் சொல்லுகிறோம்.

முதலாவது, காரணத்தை எழுத்தில் பெறுவது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவு, தகுதிச் சான்று மறுக்கப்பட்டால் அதற்குரிய காரணங்களைச் சொந்தக்காரருக்கு எழுத்து மூலம் கொடுக்கவேண்டும் என்கிறது. இருக்கிற சான்றை ரத்துச் செய்வதானாலும் காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். "ஏதோ பிரேக்கில் கொஞ்சம் கோளாறாம்" என்று வாய்மொழியாகக் கேட்டுவந்து சொல்வதில் பிரயோசனமில்லை. பட்டறை மேஸ்திரியின் கையில் கொடுக்க ஒரு ஜாபிதா வேண்டும்.

இரண்டாவது, வண்டியை நிறுத்திவிடுவது. பஸ், லாரி, டாக்ஸி, பள்ளி வேன் போன்ற வாகனங்கள் தகுதிச் சான்று இல்லாவிட்டால், சட்டப்படி செல்லத்தக்க பதிவு உடையவையாகவே கருதப்படமாட்டா. "ஒரே ஒரு நடை" என்று அதில் ஆளை ஏற்றுவது பெருந்தவறு. பிரேக்கோ ஸ்டியரிங்கோ பழுதென்றால் பட்டறைக்குங்கூட ஓட்டிப் போகாமல், இழுத்துக்கொண்டு போவதே நலம். பழுதை அறிந்தும், அல்லது சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் அறியக்கூடியதாய் இருந்தும், வண்டியைத் தெருவில் விடுவது 190-வது பிரிவின்படி குற்றம். ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டவிட்டவரும் அதற்குப் பொறுப்பாளி.

மூன்றாவது, ஜாபிதாவை இரண்டாகப் பிரிப்பது. பிரேக், ஸ்டியரிங், டயர், தளம், அவசர வழி ஆகியவை உயிரைப் பற்றியவை. முதலில் பணத்தை இவற்றில் போடவேண்டும். விளக்கு, ஹாரன், வைப்பர், ஒளி திருப்பும் பட்டை முதலியவையும் அவசியமே. ஆனால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். நம்மவர்களோ முதலில் பெயிண்ட் டப்பாவைத் திறக்கிறார்கள்! கலியாணப் பெண்ணைப்போல் வண்டி மினுமினுக்கும். பிரேக் லைனிங் மட்டும் தேய்ந்தபடியே இருக்கும். இன்னொரு வித்தையும் உண்டு. பரிசோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயர்களை வாடகைக்கு வாங்கி மாட்டுவது. சான்று கிடைத்த அன்றைக்கே பழைய மொட்டை டயர்களுக்குத் திரும்புவது. காப்பியடித்துத் தேறிய பையனாவது தன்னை மட்டுமே ஏமாற்றிக்கொள்கிறான்.

நான்காவது, பழுது பார்த்தபின் கழற்றிய பழைய சாமான்களையும் ரசீதையும் கேட்டு வாங்கிக்கொண்டு, கட்டணம் கட்டி மறுபடி பரிசோதனைக்குப் போவது. அதிகாரியின் முடிவு தவறென்று மனப்பூர்வமாகத் தோன்றினால், உத்தரவு கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் 57-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். தரகரைத் தேடுவதைவிட அது கௌரவமான வழி.

சொந்தக் கார் வைத்திருக்கும் நேயர்கள், இது பஸ் முதலாளிகளின் கவலை என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். வீட்டுக் காருக்கும் பதிவு 15 வருஷத்துக்குத்தான். பிறகு பரிசோதனையில் தேறினால் 5 வருஷத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். பழுது பார்க்கும் செலவு வண்டியின் விலையையே விழுங்குமானால், அப்பா ஆசையாய் வாங்கிய கார் என்றாலும் விடைகொடுத்து விடுவதே விவேகம். அரசாங்கத்தில் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து, அதற்குரிய சான்றைப் பெற்றுக்கொள்ளவேண்டும்.

பிள்ளைகளை வேனில் அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வண்டியின் எண்ணைக் கொண்டு அதன் தகுதிச் சான்று எதுவரையில் என்பதை 'எம்பரிவாஹன்' செயலியில் பார்க்கலாம். அதோடு நில்லாமல், ஒரு நாள் வண்டிக்குள் ஏறி, விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தார் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நம் வேனின் கதைக்கு வருவோம். வேலை பத்து நாளில் முடியவில்லை. பள்ளி திறந்து ஐந்து நாள் வண்டி ஓடவில்லை. வேலைக்குப் போகும் பெற்றோருக்குச் சங்கடந்தான். ஒரு தகப்பனார் ஆபீஸ் வாசலில் நின்று, "வண்டிக்குப் பணம் வாங்கிக்கொண்டு இப்படிச் செய்யலாமா?" என்று உரக்கச் சத்தம் போட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நாம் பதில் சொல்லாமல் அவரைப் பக்கத்துப் பட்டறைக்கு அழைத்துப் போனோம். மேஸ்திரி அறுத்தெடுத்த பழைய தகடு தரையில் கிடந்தது. அவர் அதைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். அது அப்பளம்போல் நொறுங்கிற்று.

தகப்பனார் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை நாளாய் இப்படி?" என்று மெல்லக் கேட்டார். அதற்கும் நம்மிடம் பதில் இல்லை. பல மாதங்களாய் அந்த விரிப்பைத் தாண்டித்தான் நாமும் ஏறி இறங்கி யிருக்கிறோம்.

இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில், முதல் மணி அடிப்பதற்கு முன், டிரைவரும் நாமும் விரிப்பைத் தூக்கிப் பார்க்கிறோம். அவசர வழிக் கதவை ஒரு முறை திறந்து மூடுகிறோம். ஐந்து நிமிஷத்து வேலை. வண்டி மைதானத்தில் பெயிலானதே நல்லதாய்ப் போயிற்று. சாலையில் பெயிலாகியிருந்தால் மறு பரீக்ஷை ஏது?