பொன்னாடை மேடைக்கு, பாத்திரம் யாருக்கு?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க, கோபம் வந்தா கமெண்ட்ல திட்டுங்க. ஆனா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

பைராம் தோட்டத்துப் பக்கம் கோயில் வேலை செய்யுற ஒரு தொண்டூழியனா இதை எழுதுறேன். எந்த ஒரு கோயிலையும் குறிவெச்சு எழுதல. நிபோங் திபால்ல இருந்து ஜார்ஜ்டவுன் வரைக்கும் எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் இதே காட்சிதான்.

மேடையைப் பாருங்க. ஒய்பி வருவார். மாலை, பொன்னாடை, போட்டோ. அடுத்து நன்கொடையாளர், அவருக்கும் பொன்னாடை. அப்புறம் தலைவர் செயலாளருக்குப் போர்த்துவார், செயலாளர் தலைவருக்குப் போர்த்துவார். கொட்டகைக்குப் பின்னால, விடியக்காலை நாலு மணிக்கே வந்து காய் நறுக்கின அக்காமார் அண்டாவைக் கழுவிக்கிட்டு இருப்பாங்க. செருப்பு பார்த்துக்குற தாத்தா இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார். கார் பார்க்கிங்ல நின்ன தம்பிங்களுக்கு சாம்பார் தீர்ந்து போயிருக்கும். கடைசியில மைக்ல ஒரே வரி: "மற்றும் உதவிய அனைவருக்கும் நன்றி."

அந்த "மற்றும்" யாரு? பேரே இல்லாதவங்களா?

இதைக் கேட்டா உடனே ஒரு பதில் வரும்: "சாமிக்குத்தானே செய்யுறோம், மனுஷன்கிட்ட நன்றி எதிர்பார்க்கலாமா?" கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைச் சொல்றவர் கழுத்துல மாலை இருக்கான்னு முதல்ல பாருங்க. சாமிக்குச் செய்யுறவனுக்கு மரியாதை தேவையில்லைன்னா, மேடையில இருக்குறவங்களுக்கு மட்டும் எதுக்கு?

சாமியே கூலிக்கு வேலை செஞ்ச கதை நம்மகிட்ட இருக்கு. மதுரையில வந்திக் கிழவிக்காக வைகைக் கரையை அடைக்க சிவன் மண் சுமந்தார். சும்மா சுமக்கல, உதிர்ந்த பிட்டைக் கூலியாப் பேசி வாங்கித் தின்னுட்டுத்தான் சுமந்தார். அந்தக் கூலியாள் முதுகுல பாண்டியன் பிரம்பு விழுந்தப்போ, அடி எல்லார் முதுகுலயும் பட்டுச்சு. வருஷா வருஷம் சொற்பொழிவுல இதைக் கேட்டுட்டு கண்ணைத் துடைச்சுக்குறோம். வெளிய வந்ததும் அண்டா கழுவுற அக்காவைப் பார்த்து, "ஏய், சீக்கிரம்!"

தோட்டத்து ஜனங்க நமக்கு இது நல்லாவே புரியணும். நம்ம பாட்டன் பூட்டனை பெரட்டுல நிக்க வெச்சு, பேரை விட்டுட்டு ஆள் கணக்கா எண்ணினாங்க. 1941-ல கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள்ல வேலைநிறுத்தம் நடந்துச்சே, அதுல கேட்டது சம்பள உயர்வு மட்டும் இல்ல. துரையையோ கிராணியையோ பார்த்தா சைக்கிளை விட்டு இறங்கி நிக்கணும்ங்கிற வழக்கத்தை எடுக்கச் சொன்னதும் கோரிக்கைப் பட்டியல்ல இருந்துச்சு. முன்னால நின்ன ஆர்.எச்.நாதனைப் பிடிச்சு நாடு கடத்துனாங்க. துப்பாக்கிச் சூட்டுல தொழிலாளிங்க உயிர் போச்சு. வயித்துக்கு இல்லாத நேரத்துலயும் "என்னை மனுஷனா நடத்து"ன்னு கேட்ட பரம்பரை நாம. இன்னைக்குத் துரை போயிட்டார். அந்த நாற்காலியில நாமளே உட்கார்ந்துக்கலாமா?

சம்பளத்துக்கு வேலை செய்யுறவங்களைப் பத்தியும் சொல்லணும். தமிழ்நாட்டுல இருந்து பெர்மிட்ல வந்த குருக்கள், நாதஸ்வரம், தவில் வாசிக்கிறவங்க, கூட்டிப் பெருக்குறவங்க. "அதான் சம்பளம் கொடுக்குறோமே"ன்னு ஒரு வார்த்தை. சம்பளம் உழைப்புக்கு. அதைச் சொன்ன தேதியில கொடுக்கிறதுதான் முதல் மரியாதை. குடும்பத்தை விட்டு கடல் தாண்டி வந்தவர்கிட்ட, "ஊர்ல அம்மாவுக்கு உடம்பு எப்படிங்க சாமி?"ன்னு கேட்க எந்தத் தீர்மானமும் நிறைவேத்த வேண்டாம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போறோம். ரதம் வர்ற வழியெல்லாம் தேங்காய் மலை மாதிரி குவியும். சில்லுல ஒரு பக்தன் காலும் வெட்டுப்படாம இருக்க, சாமி பின்னாலயே தொடப்பமும் மண்வெட்டியுமா ஒரு கூட்டம் ஓடும். நம்ம போன்ல ரதம் ஆயிரம் கோணத்துல இருக்கு. அவங்க முகம் ஒண்ணாவது இருக்கா?

எல்லாருக்கும் பொன்னாடை போடுங்கன்னு நான் சொல்ல வரல. வருஷத்துக்கு ஒருநாள் துண்டு போர்த்திட்டு மீதி நாளெல்லாம் அதட்டுறதுல என்ன பிரயோஜனம்? நான் கேட்கிறது இவ்வளவுதான்:

1. பேரைச் சொல்லுங்க, செஞ்சதையும் சொல்லுங்க. "அனைவருக்கும் நன்றி" யார் காதுலயும் ஏறாது. "மழையில கூரை பிச்சுக்கிட்டப்போ ஏணியில ஏறிக் கட்டினது இந்தத் தம்பி"ன்னா, அவன் அடுத்த வருஷமும் வருவான்.

2. தப்பைத் தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க. நல்லதை எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. நம்ம வாட்ஸ்அப் குரூப்ல இது தலைகீழா நடக்குது.

3. வேலை செய்யுறவங்க முதல்ல சாப்பிடட்டும். முடியலைன்னா அவங்க பங்கை எடுத்து மூடி வைங்க.

4. கூட்டத்துல அவங்களையும் கேளுங்க. எத்தனை மூட்டை அரிசி வேணும்னு அடுப்படி அக்காவுக்குத் தெரியும். கணக்குப் போடுற நமக்குத் தெரியாது.

5. கமிட்டிக்காரங்களும் ஒரு மணி நேரம் அண்டா கழுவுங்க. போட்டோகிராபரைக் கூப்பிடாம.

"இளைஞருங்க கோயிலுக்கு வர்றதே இல்ல"ன்னு ஆண்டுக்கூட்டத்துக்கு ஆண்டுக்கூட்டம் புலம்புறோம். வந்தாங்கய்யா! வந்து நாற்காலி அடுக்கினாங்க, பந்தல் கட்டினாங்க, பசியோட நின்னாங்க. யாரும் ஒரு வார்த்தை கேட்கல, போயிட்டாங்க. இப்போ அதே பிள்ளைங்க பத்து காவான் பேக்டரியில ஷிப்ட் பார்க்குறாங்க. அங்கேயாவது சூப்பர்வைசர் பேர் சொல்லிக் கூப்பிடுறார்னா, நம்ம கோயிலை விட பேக்டரி மேலுன்னு அவங்க நினைக்கிறதுல என்ன தப்பு?

அடுத்த திருவிழா நோட்டீஸ் அடிக்கப் போறீங்க. விஐபி பட்டியலுக்குக் கீழ நாலு விரல்கடை இடம் விடுங்க. சமையல், துப்புரவு, செருப்பு, பார்க்கிங், தண்ணீர்ப் பந்தல்னு போட்டு, கேட்டுக்கிட்டு அவங்க பேரையும் அடிங்க. இங்கு கூடக் காசு கொஞ்சம்தான் ஆகும். செய்ய மாட்டோம்னா, ஏன்னு கமிட்டி பதில் சொல்லட்டும்.

உங்க கோயில்ல திரைக்குப் பின்னால உழைக்கிறவங்க யாராவது ஞாபகத்துக்கு வந்தா, அவங்களுக்கு இப்பவே ஒரு போன் போட்டுப் பேசிட்டு அப்புறம் இதைப் பகிருங்க.

ஓம் சக்தி. 🙏